ஜாதிக்காய்த் தீவு – கடிதம்

அன்புள்ள ஐயா,

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். கரீபியனில் உள்ள கிரெனடா பற்றி ஒரு சிறு அறிமுகம் தர முடியுமா? மொத்தமே 344 சதுர கிலோமீட்டர்தான். இவ்வளவு சின்ன நாட்டில் படிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. 1983இல் அமெரிக்கா ஏன் அங்கே படையெடுத்தது?

எம்.

அன்புள்ள எம்.,

1983 பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பிரதமர் மாரிஸ் பிஷப்பை அவர் கட்சியிலேயே ஒரு பிரிவு கவிழ்த்தது. அக்டோபர் 19 அன்று சுட்டுக் கொன்றார்கள். அதைக் காரணம் காட்டி ஆறாம் நாள் அமெரிக்கப் படை இறங்கியது. மற்றது எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்கும்.

ஆனால் 'இவ்வளவு சின்ன நாட்டில் என்ன இருக்கிறது' என்று எழுதினீர்களே, அது தப்பு. படிக்கிற பிள்ளை இப்படிக் கேட்கக் கூடாது. அந்த நாட்டின் கொடியைப் பார்த்தீர்களா? ஓரத்தில் ஒரு ஜாதிக்காய் இருக்கும். அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

குற்றாலத்துப் பக்கம் எங்கள் தாத்தா கிணற்றடியில் ஒரு ஜாதிக்காய்க் கன்று வைத்தார். விதைக்கன்று பூக்கும்வரை ஆணா பெண்ணா என்று தெரியாது. ஏழாம் வருடம் பூத்தது. ஆண் மரம். பாட்டி வெட்டச் சொன்னாள். பெண் மரம் காய்க்க இதுவும் வேண்டுமே என்று சொல்லி, பக்கத்திலேயே இன்னொரு கன்று வைத்தார். அது காய்த்தபோது அவர் இல்லை. இந்த வாரமெல்லாம் அந்த மரத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்தது.

கிரெனடாவில் 1955இல் ஜேனட் புயல் ஜாதிக்காய்த் தோட்டங்களை அழித்தது. மறுபடி நட்டார்கள். இந்தோனேசியாவுக்கு அடுத்தபடி உலகுக்கே ஜாதிக்காய் அனுப்பும் நாடாக வளர்ந்தார்கள். 2004 செப்டம்பர் 7, ஐவன் புயல். பெரும்பாலான மரங்கள் ஒரே நாளில் சாய்ந்தன. நட்டால் காய்ப்புக்கு ஏழெட்டு வருடம், நிறைந்த விளைச்சலுக்கு அதைவிட இரண்டு மடங்கு. அறுபது வயது விவசாயி என்ன கணக்குப் போடுவார், சொல்லுங்கள். பலர் சீக்கிரம் பலன் தரும் கோகோவுக்கு மாறினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஐவன் போய்ப் பத்தே மாதத்தில் எமிலி என்று இன்னொரு புயல். அதற்குப் பிறகும் ஜாதிக்கன்று நட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். இதைப் படியுங்கள் தம்பி, பரப்பளவை அப்புறம் பார்க்கலாம்.

சரி, தேர்வுக்கு: விடுதலை 1974 பிப்ரவரி 7, தலைநகர் செயின்ட் ஜார்ஜஸ். நன்றாக எழுதுங்கள்.