முதலிடப் பட்டியலை நம்பிப் பணம் கட்டலாமா? கரையோர வியாபாரிகள் கேள்வி – பதில்

கேள்வி: அக்கா, ராமேஸ்வரம் மேற்கு ரத வீதிக்குப் பக்கத்தில் லாட்ஜ் நடத்துகிறோம். கூகுள் தேடலில் எங்கள் லாட்ஜுக்கு விளம்பரம் செய்து தருவதாக வெளியூர் ஏஜென்சி ஒன்று சொல்கிறது. மாதம் 40,000 ரூபாய் கேட்கிறார்கள். விளம்பரச் செலவும் அதற்குள் அடக்கமாம். இணையத்தில் பார்த்தேன். ‘இந்தியாவின் தலைசிறந்த 10 தேடுபொறி விளம்பர நிறுவனங்கள்’ என்ற பட்டியலில் இரண்டாவது இடத்தில் இருக்கிறார்கள், 4.9 நட்சத்திரம். நம்பலாமா?
– லாட்ஜ் உரிமையாளர், ராமேஸ்வரம்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது ‘விளம்பரச் செலவும் அதற்குள் அடக்கம்’ என்ற வரிதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தப் பட்டியல்.

ஏஜென்சிகளை வரிசைப்படுத்தும் மதிப்பீட்டுத் தளங்கள் பல இருக்கின்றன. வாஷிங்டனில் இருந்து இயங்கும் க்ளட்ச், சிகாகோவின் ஜி2, குட்ஃபர்ம்ஸ், டிசைன்ரஷ் என்று வெளிநாட்டில் பெயர் பெற்றவை உண்டு. நமக்குப் பழகிய ஜஸ்ட்டயல், சுலேகாவிலும் இந்த நிறுவனங்கள் இருக்கும். இவற்றைத் திறந்து பார்க்க நீங்கள் காசு கொடுப்பதில்லை. பட்டியலில் இருக்கும் நிறுவனங்கள்தான் கொடுக்கின்றன. கட்டணம் கட்டியவரை மேலே காட்டுவதும், உங்களைப்போல் விசாரிப்பவரின் எண்ணை ஏஜென்சிகளுக்குக் கொடுப்பதும் இந்தத் தொழிலின் முக்கிய வருமானங்கள். க்ளட்ச் போன்ற தளங்கள், பணம் கட்டி மேலே வந்த நிறுவனத்தை ஸ்பான்சர் என்று குறித்துவிடுகின்றன. அந்தக் குறிப்பு சின்ன எழுத்தில் இருக்கும், தேடிப் படியுங்கள். சொல்லிவிட்டுச் செய்வதில் எனக்குக் குறை இல்லை.

சொல்லாமல் செய்வதும் நடக்கிறது. அமெரிக்காவில் லெண்ட்எடு என்ற தளம் கல்விக்கடன் நிறுவனங்களைப் பாரபட்சம் இல்லாமல் வரிசைப்படுத்துவதாகச் சொல்லிக்கொண்டது. உண்மையில் இடங்களைக் காசுக்கு விற்றது என்று அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணையம் 2020-இல் நடவடிக்கை எடுத்தது. 3,50,000 டாலர் கட்ட ஒப்புக்கொண்டு லெண்ட்எடு வழக்கை முடித்துக்கொண்டது. அந்தத் தளத்தைப் புகழ்ந்து வேறோர் இடத்தில் வந்திருந்த 126 விமர்சனங்களில் 111, அதன் ஊழியர்களோ அவர்களின் உறவினர், நண்பர்களோ எழுதியவை என்பதும் குற்றச்சாட்டில் இருந்தது.

இன்னொன்றையும் பாருங்கள். ‘தலைசிறந்த 10’ பட்டியலை வெளியிட்டவர் யார்? அந்தப் பத்தில் ஒருவரே தம் தளத்தில் எழுதி, தம்மை முதலில் வைத்து, போட்டியாளர்களைக் கீழே அடுக்குவது இந்தத் தொழிலில் சாதாரணம். கூகுளில் மேலே வருவதுதான் அவர்களுடைய வேலையே. அதனால் அவர்கள் போட்ட பட்டியலும் மேலே வரும்.

அதற்காக விமர்சனங்களைப் படிக்கவே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். நட்சத்திரத்தை விட்டுவிட்டு எழுத்தைப் படியுங்கள். நல்ல தளங்களில் ஒவ்வொரு விமர்சனத்தோடும் என்ன வேலை, எவ்வளவு பட்ஜெட், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்பது இருக்கும். இந்த ஏஜென்சிக்கு வந்த புகழ்ச்சியெல்லாம் இணையதளம் வடிவமைத்துக் கொடுத்ததற்கு வந்ததாக இருக்கலாம். தேடல் விளம்பரத்தை நடத்தியதற்கு ஒரு வரிகூட இல்லாமல் இருக்கலாம். அமெரிக்க மென்பொருள் கம்பெனி கொடுத்த ஐந்து நட்சத்திரம், ஆடி அமாவாசைக்கு அறை விற்கும் உங்களுக்கு எதையும் சொல்லாது. ஒரே வாரத்தில் கொத்தாக வந்த விமர்சனங்களைத் தள்ளிவிடுங்கள். மூன்று நட்சத்திரம் கொடுத்தவர் எழுதியதை நிதானமாகப் படியுங்கள். வேலை எப்படி நடந்தது என்பதை அவர்தான் பெரும்பாலும் சொல்லியிருப்பார். ஏதாவது ஒரு கோயில் ஊரில் லாட்ஜ் நடத்துபவரின் விமர்சனம் கிடைத்தால் அவருக்கே போன் செய்து பேசுங்கள்.

இப்போது அந்த 40,000. நான் இந்தக் கரையில் லாட்ஜுகளுக்கும் கடைகளுக்கும் கணக்கு எழுதுபவள். என் மேசைக்கு வரும் விளம்பர பில்கள் இரண்டு வகை. கூகுள் விளம்பரக் கணக்கு உரிமையாளர் பெயரில் இருந்தால், கூகுளின் பில் அவருடைய ஜி.எஸ்.டி. எண்ணோடு வரும். ஏஜென்சியின் கூலிக்குத் தனி பில் வரும். கணக்கு ஏஜென்சி பெயரில் இருந்தாலோ ‘டிஜிட்டல் விளம்பரச் சேவை, 40,000, அதன்மேல் 18 சதவீத வரி’ என்று ஒரே ஒரு தாள்தான் வரும். அதில் கூகுளுக்குப் போனது 30,000-ஆ, 8,000-ஆ? அந்தத் தாளை எத்தனை முறை புரட்டினாலும் தெரியாது. கேட்டால் ‘எங்கள் முறை அப்படி’ என்பார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஏஜென்சியை மாற்றும் நாளில், அதுவரை சேர்ந்த விவரங்கள் அத்தனையும் அவர்களோடு போய்விடும்.

ஆகவே கணக்கை உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கார்டில் நீங்களே தொடங்குங்கள். அதற்குப் பத்து இலக்க எண் ஒன்று கிடைக்கும். அந்த எண்ணை மட்டும் ஏஜென்சியிடம் கொடுத்தால் போதும். அவர்கள் தங்கள் மேலாளர் கணக்கிலிருந்து (பல வாடிக்கையாளர்களின் கணக்குகளைச் சேர்த்துப் பார்க்கும் கணக்கு அது) இணைப்புக் கேட்பார்கள், நீங்கள் ஒப்புதல் கொடுப்பீர்கள். பாஸ்வேர்டைத் தரவே வேண்டாம். கூலியைத் தனியாகப் பேசுங்கள். செலவில் 10 முதல் 20 சதவீதம் என்றோ, மாதத்துக்கு இவ்வளவு என்றோ வாங்குபவர்கள் உண்டு. எதுவானாலும் தாளில் தனி வரியாக இருக்க வேண்டும்.

கணக்கு கையில் இருந்தால் என்ன தெரியும்? ‘தேடல் சொற்கள்’ என்றொரு அறிக்கை இருக்கிறது. என்ன தேடியவர் உங்கள் விளம்பரத்தை அழுத்தினார் என்று அது காட்டும். மிகக் குறைவாகத் தேடப்பட்டவற்றை கூகுள் மறைத்துவிடுகிறது என்றாலும், வருவதே போதும். ஒரு லாட்ஜின் அறிக்கையை உரிமையாளரோடு உட்கார்ந்து பார்த்தேன். ‘ராமேஸ்வரம் கோயில் நடை திறக்கும் நேரம்’, ‘தனுஷ்கோடி ஜீப் கட்டணம்’, ‘பாம்பன் புதுப் பாலம் போட்டோ’, ‘லாட்ஜ் வேலை ராமேஸ்வரம்’. இவற்றில் ஒருவரும் அறை கேட்டவர் இல்லை, ஒவ்வொரு கிளிக்குக்கும் பணம் போயிருந்தது. 2025 ஏப்ரல் 6-இல் புதிய பாம்பன் பாலம் திறந்து, 2022 டிசம்பரில் நின்றுபோன ரயில் மறுபடி தீவுக்குள் வந்ததிலிருந்து பாலத்தைத் தேடுபவர்கள் ஏராளம். அவர்களுக்கும் சேர்த்து லாட்ஜ்காரர் பணம் கட்டிக்கொண்டிருந்தார். வேண்டாத சொற்களை விலக்கும் பட்டியல் அந்தக் கணக்கில் காலியாகக் கிடந்தது. ஒழுங்கான ஏஜென்சி முதல் வாரத்திலேயே செய்யும் வேலை அது.

ஏஜென்சியிடம் கேளுங்கள்: ‘விளம்பரம் எந்த ஊர்களில் தெரியும்? தை அமாவாசைக்கு அறைகள் நிரம்பிவிட்டால் யார் நிறுத்துவார்கள்?’ புணே, கொல்கத்தா, பெங்களூரு என்று பக்தர்கள் புறப்படும் ஊர்களைச் சொல்பவரோடு மேற்கொண்டு பேசலாம். ‘முதலிடம் உறுதி’ என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. முதல் ஒப்பந்தம் மூன்று மாதத்தைத் தாண்ட வேண்டாம்.

கேள்வி: ஏஜென்சியின் தளத்தில் ‘கூகுள் பார்ட்னர்’ என்று பட்டை போட்டிருக்கிறார்கள். அது போதாதா?
– மளிகை மொத்த வியாபாரி, தொண்டி

பதில்: போதாது. அது கூகுள் விளம்பர ஏஜென்சிகளுக்குத் தரும் அடையாளம். அந்தப் பட்டை உண்மையானதா என்பதை கூகுளின் பார்ட்னர் பட்டியலிலேயே சரிபார்க்கலாம், அதைச் செய்யுங்கள். ஆனால் அது கிடைக்க வேண்டியவை என்ன? ஏஜென்சியின் கையில் இருக்கும் கணக்குகளில் 90 நாளில் 10,000 டாலர் விளம்பரச் செலவு, கூகுள் போடும் மதிப்பெண்ணில் 70 சதவீதம், சான்றிதழ் தேர்வு எழுதிய ஊழியர்கள். நிறையச் செலவு செய்யவைக்கத் தெரிந்தவர்கள் என்பது உறுதி. உங்கள் பணத்தைச் சிக்கனமாகச் செலவழிப்பார்களா என்பதற்கு அதில் பதில் இல்லை.

கேள்வி: எங்கள் ஏஜென்சி ஒரு மதிப்பீட்டுத் தளத்தின் இணைப்பை அனுப்பி, ஐந்து நட்சத்திரம் கொடுத்தால் ஒரு மாதக் கூலி இலவசம் என்கிறது. வேலையும் பரவாயில்லை. கொடுத்தால் என்ன தப்பு?
– துணிக்கடை நடத்துபவர், கீழக்கரை

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி. வேலை நன்றாக இருந்தால் இலவசம் இல்லாமலே எழுதுங்கள். ஐந்து என்ற எண்ணை அவர்கள் நிர்ணயித்துவிட்டபின் அது உங்கள் விமர்சனம் ஆகாது. பாராட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு விமர்சனத்துக்குப் பணமோ சலுகையோ கொடுப்பதை அமெரிக்கா 2024 அக்டோபர் 21 முதல் விதி போட்டே தடுத்துவிட்டது. இங்கே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் இணைய விமர்சனங்களுக்கென்றே ஐ.எஸ். 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. விலைக்கு வாங்கிய விமர்சனத்தை வெளியிடக்கூடாது என்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. ஆனால் அது விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவில்தான் இருக்கிறது. கட்டாயமாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் கடைப் பெயரோடுதான் அந்த வரிகள் அங்கே நிற்கும். நாளைக்குப் பெரியபட்டினத்திலோ ஏர்வாடியிலோ ஒரு கடைக்காரர், ‘கீழக்கரைக்காரரே சொல்லியிருக்கிறாரே’ என்று நம்பிப் பணம் கட்டுவார்.

கேள்வி: பாம்பனில் கருவாடு விற்கிறேன். நெத்திலி, வாளை, சீலா எல்லாம் உண்டு. தங்கச்சி மகன் ‘கூகுள் விளம்பரக் கம்பெனியைப் பிடிக்கலாம் பெரியம்மா’ என்கிறான். பிடிக்க வேண்டுமா?
– கருவாட்டு வியாபாரி, பாம்பன்

பதில்: இப்போதைக்கு வேண்டாம் அக்கா. தேடல் விளம்பரமும் உங்கள் கரையில் நடக்கும் மீன் ஏலம் மாதிரிதான். ஒவ்வொரு தேடலுக்கும் ஏலம் நடக்கிறது, பெரிய கம்பெனிகளும் கேட்கின்றன. அங்கே விலை மட்டும் பார்ப்பதில்லை, விளம்பரத்தின் தரத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். ஆனாலும் சின்ன முதலீட்டோடு இறங்கினால் பணம் சீக்கிரம் கரைந்துவிடும்.

முதலில் கூகுள் வரைபடத்தில் உங்கள் கடையை ஏற்றச் சொல்லுங்கள். அதற்கு ஒரு பைசாவும் கிடையாது. பெயர், போன் எண், திறந்திருக்கும் நேரம். கடையை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லி கூகுள் சரிபார்க்கலாம், தங்கச்சி மகன் பார்த்துக்கொள்வான். படம் எடுக்கும்போது காயப்போட்ட இடத்தையும் எடுங்கள். தரையில் கொட்டாமல் மேடையிலோ வலையிலோ உலர்த்துகிறீர்கள் என்பதைப் பார்த்தால் மதுரைக்காரரும் கோவைக்காரரும் தைரியமாக வாங்குவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது என்ன சரக்கு இருக்கிறது, என்ன இல்லை என்பதையும் அதிலேயே எழுதிவையுங்கள். வாங்கியவர்களிடம் இரண்டு வரி எழுதும்படி கேளுங்கள். நல்லதாக எழுதச் சொல்ல வேண்டாம், எழுதச் சொன்னால் போதும்.

‘கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டாவிட்டால் கடையை வரைபடத்திலிருந்து எடுத்துவிடுவோம்’ என்று போன் வந்தால் உடனே வைத்துவிடுங்கள். வரைபடத்தில் இருப்பதற்கு கூகுள் பணம் கேட்பதில்லை. ஏற்கெனவே கட்டி ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்குப் புகார் சொல்ல வேண்டும்.

கேள்வி: பனைவெல்லமும் முண்டு மிளகாயும் இணையத்தில் விற்கிறேன், வீட்டோடு செய்யும் தொழில். நல்ல நட்சத்திரம் பார்த்துத்தான் ஏஜென்சியைப் பிடித்தேன். பணம் போனதே தவிர ஆர்டர் வரவில்லை, கணக்கையும் தர மறுக்கிறார்கள். நுகர்வோர் புகார் கொடுக்கலாமா? கோபத்தில் விமர்சனம் எழுத உட்கார்ந்தால் திட்டத்தான் வருகிறது.
– உச்சிப்புளி வாசகி

பதில்: கொடுக்கலாம் அம்மா. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வியாபார நோக்கத்துக்காகச் சேவை பெறுபவரை நுகர்வோராக ஏற்பதில்லை. ஆனால் சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் பெற்றிருந்தால் அதை வியாபார நோக்கமாகக் கருதுவதில்லை. நீங்கள் அந்த விதிவிலக்கில் வரக்கூடியவர். முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பில், வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய விவரம் மூன்றையும் எடுத்துவையுங்கள்.

விமர்சனத்தைக் கட்டாயம் எழுதுங்கள். ‘ஏமாற்றுக்காரர்கள்’ என்று ஒரே சொல்லில் முடித்தால் தளம் அதை நீக்கிவிடலாம், படிப்பவருக்கும் பயன் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘மாதம் இவ்வளவு ரூபாய் வீதம் இந்த மாதத்திலிருந்து இந்த மாதம் வரை கட்டினேன். விளம்பரக் கணக்கு அவர்கள் பெயரில் இருந்தது. தேடல் சொற்கள் அறிக்கையை இரண்டு முறை எழுத்தில் கேட்டேன், தரவில்லை. வந்த ஆர்டர்கள் இத்தனை.’ நடந்ததை மட்டும், ஆதாரம் கையில் இருப்பதை மட்டும். அவர்களுக்கு ஐந்து நட்சத்திரம் குவிந்திருக்கும் அதே தளத்தில் போடுங்கள். அடுத்து விசாரிப்பவர் அங்கேதான் வருவார்.

போட்டபின் உங்களை அழைத்து, ‘பணத்தைத் திருப்பித் தருகிறோம், விமர்சனத்தை எடுத்துவிடுங்கள்’ என்பார்கள். அந்தப் பணம் உங்களுக்குச் சேரவேண்டியது, அதற்கு நிபந்தனை கிடையாது என்று சொல்லுங்கள். திரும்ப வந்தால், வந்த தேதியையும் தொகையையும் அதே விமர்சனத்தின் கீழே சேர்த்துவிடுங்கள்.