டக்ளஸ்-ஹியூம் எப்படிப் பிரதமரானார்?

அன்புள்ள சார்,

பிரிட்டிஷ் பிரதமர்களின் பட்டியலில் அலெக் டக்ளஸ்-ஹியூம் பெயரைப் பார்த்துத் தேடிப் படித்தேன். 14ஆம் எர்ல் (பரம்பரைப் பிரபுப் பட்டம்), தேர்தலில்லாத மேல்சபையான பிரபுக்கள் சபைக்காரர், சொந்தக் கட்சியான கன்சர்வேட்டிவில்கூட யாரும் ஓட்டுப் போட்டு அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. 1963இல் இது எப்படி நடந்தது? பரம்பரைச் செல்வாக்குதானே?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

செல்வாக்கு இல்லாமல் இல்லை. ஈட்டன், ஆக்ஸ்போர்ட், ஸ்காட்லாந்தில் பரம்பரை நிலம் எல்லாம் இருந்தது. ஆனால் பிரதமர் பதவிக்குக் குறுக்கே நின்றதே அந்தப் பட்டம்தான். 1902இல் பிரதமர் சாலிஸ்பரி பிரபு விலகியபின் பிரபுக்கள் சபையிலிருந்து யாரும் பிரதமராகவில்லை. 1923இல் பதவி தனக்குத்தான் என்று காத்திருந்த கர்சனைத் தாண்டி அது பால்ட்வினுக்குப் போனது. 1940இல் ஹாலிஃபாக்ஸ் ஒதுங்கிக்கொள்ள, சர்ச்சில் வந்தார். கர்சன், ஹாலிஃபாக்ஸ் இருவருமே நமக்குப் பழக்கமானவர்கள். முன்னவர் வங்கத்தைப் பிரித்தவர். பின்னவர் இர்வின் என்ற பெயரில் காந்தியோடு ஒப்பந்தம் போட்டவர். வேறு காரணங்களும் இருந்தன, ஆனால் பிரபுவாக இருந்தது இருவருக்குமே இடைஞ்சல்.

ஹியூமுக்கு வழி திறந்துவிட்டவர் ஒரு தொழிற்கட்சிக்காரர் என்பதுதான் வேடிக்கை. டோனி பென்னின் அப்பா ஸ்டான்ஸ்கேட் பிரபு. 1960 நவம்பரில் அவர் இறந்ததும் பட்டம் மகன் தலையில் விழுந்தது. பிரபுக்கள் மக்கள் சபையில் உட்கார முடியாது என்பதால் எம்.பி. பதவி போனது. பென் விடவில்லை. 1961இல் பிரிஸ்டல் தென்கிழக்கு இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தார். தேர்தல் நீதிமன்றமோ தோற்ற கன்சர்வேட்டிவ் வேட்பாளரைத்தான் எம்.பி. என்று அறிவித்தது! அந்த அவமானத்துக்குப் பிறகுதான் பட்டத்தைத் துறக்க அனுமதிக்கும் சட்டம் 1963 ஜூலையில் வந்தது. முதல் வரைவின்படி அடுத்த பொதுத்தேர்தலுக்குப் பிறகே அது அமலாகியிருக்கும். உடனே அமலாகட்டும் என்று திருத்தியது பிரபுக்கள் சபை. அந்தத் திருத்தம் இல்லையென்றால் இந்தக் கடிதத்தை நீங்கள் எழுதியிருக்கவே மாட்டீர்கள்.

மூன்றே மாதத்தில் பிரதமர் மேக்மில்லனுக்குப் புராஸ்டேட் அறுவை சிகிச்சை. அவருடைய விலகல் கடிதத்தை பிளாக்பூலில் நடந்த கட்சி மாநாட்டில் வாசித்தவர் ஹியூமேதான். பட்லர், ஹெய்ல்ஷாம், மாட்லிங் என்று மூன்று தலைவர்கள் பதவிக்காக மோதிக்கொண்டிருந்தார்கள். அப்போது கன்சர்வேட்டிவ் கட்சியில் தலைவருக்கு ஓட்டெடுப்பு கிடையாது. பெரியவர்கள் ஆளாளிடம் விசாரித்து, 'இவர்தான்' என்பார்கள். மேக்மில்லன் மருத்துவமனையில் இருந்தபடியே ராணிக்குச் சொன்ன பெயர் ஹியூம். அமைச்சர்களாக இருந்த மெக்லியோடும் ஈனாக் பவலும் அவருடைய அமைச்சரவையில் சேர மறுத்தார்கள். உங்கள் சந்தேகம் நியாயமாவது இந்த இடத்தில்தான். பட்லருக்கு நடந்தது அநியாயம் என்றே நானும் நினைக்கிறேன்.

அக்டோபர் 19 அன்று பிரதமர். 23ஆம் தேதி பட்டத்தைத் துறந்தார். நவம்பர் 7 அன்று கின்ராஸ் இடைத்தேர்தலில் ஜெயித்தார். ஏற்கெனவே தேர்வாகியிருந்த வேட்பாளர் ஜார்ஜ் யங்கர் அவருக்காக விலகிக்கொண்டார். நடுவில் இரண்டு வாரம், பிரிட்டிஷ் பிரதமர் எந்தச் சபையிலும் உறுப்பினர் இல்லை.

ஆட்சி ஒரு வருடம்கூட நீடிக்கவில்லை. பொருளாதார அறிக்கைகளைப் புரிந்துகொள்ளத் தீக்குச்சிகளை அடுக்கிப் பார்ப்பேன் என்று 1962இல் ஒரு பேட்டியில் வெள்ளந்தியாகச் சொல்லியிருந்தார். எதிர்க்கட்சிக்கு அது போதாதா? '14ஆம் எர்ல்' என்று தொழிற்கட்சித் தலைவர் ஹெரால்ட் வில்சன் கேலி செய்தபோது, யோசித்தால் அவரும் 14ஆம் மிஸ்டர் வில்சன்தான் என்று ஹியூம் திருப்பிக் கொடுத்தார். அது நல்ல அடி. இருந்தும் 1964 தேர்தலில் தொழிற்கட்சி வெறும் 4 இடப் பெரும்பான்மையில் ஜெயித்தது.

அப்புறம், தலைவரை எம்.பி.க்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் விதி 1965இல் வந்ததும் அவர் தலைமையில்தான். அந்த ஜூலையில் அவர் விலக, ஹீத் 150, மாட்லிங் 133, பவல் 15 என்று ஓட்டு விழுந்தது. தோற்ற தலைவர்கள் பலர் முணுமுணுத்துக்கொண்டே பின்வரிசையில் இருப்பார்கள். இவரோ பிரதமரான ஹீத்தின் கீழ் 1970 முதல் 1974 வரை வெளியுறவு அமைச்சராக இருந்தார். 1971இல் 105 சோவியத் அதிகாரிகளுக்கு உளவுக் குற்றச்சாட்டில் கதவடைத்தது அப்போதுதான். 1938இல் ஹிட்லரோடு சமரசம் பேசப் போன பிரதமர் சேம்பர்லினோடு மியூனிக் போய் வந்த அதே மனிதர். பிரதமர் வேலையைவிட வெளியுறவு வேலைதான் அவருக்குப் பொருந்தியது.