மிளா இறங்கும் விளைக்கு எந்த மின்வேலி வாங்குவது?

கேள்வி: குமரி மாவட்டம் தடிக்காரன்கோணம் பக்கம் காட்டை ஒட்டி எனக்கு 60 சென்ட் விளை இருக்கிறது. மரச்சீனியும் (மரவள்ளி) இடையில் பயறும் போட்டிருக்கிறேன். ராத்திரியில் மிளா (கடமான்) வந்து கொழுந்தைக் கடித்துவிட்டுப் போகிறது. பின்னாலேயே பன்றி வந்து அடிக்கிழங்கைத் தோண்டுகிறது. சோலார் வேலி விசாரித்தேன். ஒரு கடையில் ‘10 கிலோவோல்ட், 20 கிலோமீட்டர் ஓடும்’ என்று ஒரு சின்ன மெஷினைக் காட்டுகிறார்கள். இன்னொரு கடையில் ‘ஒரு ஜூல்’ மெஷின் என்று அதைப்போல இரண்டு மடங்கு விலை சொல்கிறார்கள். பக்கத்து விளைக்காரரோ வீட்டுக் கரண்டிலிருந்து ஒரு லைன் இழுத்தால் போதும் என்கிறார். எதைச் செய்வது?

பதில்: பக்கத்து விளைக்காரர் சொன்னதை முதலில் மறந்துவிடுங்கள். வீட்டுக் கரண்டு விடாமல் பாயும். தொட்டவரின் கை கம்பியோடு இறுகிவிடும். விடியற்காலையில் ரப்பர் வெட்டப் போகிறவர் இருட்டில் அந்தக் கம்பியில் கால் வைத்தால் அவர் திரும்பி வரமாட்டார். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி 3 யானைகள் இறந்தன, நிலத்துக்காரர் கைதானார். சோலார் வேலியின் மெஷின் வேறு மாதிரி வேலை செய்கிறது. ஏறக்குறைய நொடிக்கு ஒரு முறை, கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக ஒரு துடிப்பை மட்டும் அனுப்பும். சுரீர் என்று வலிக்கும், உயிர் போகாது.

சரி, கிலோவோல்ட்டா ஜூலா? பார்க்க வேண்டியது ஜூல்தான், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் உள்ள ஆற்றலின் அளவு. கம்பியில் எதுவும் தொடாதபோது சின்ன மெஷின்கூட 10 கிலோவோல்ட் காட்டும். நாலு புல் கம்பியில் சாய்ந்ததும் அது பாதிக்கும் கீழே விழுந்துவிடும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் பெறும் நம் மாவட்டத்தில் புல் எவ்வளவு வேகமாக ஏறும் என்று உங்களுக்கே தெரியும். புல் உறிஞ்சியது போக மிச்சம் நிற்கும் அடியைச் சொல்வது ஜூல்தான். அதிலும் ‘சேமிப்பு ஜூல்’ (மெஷினுக்குள் நிற்பது), ‘வெளியீட்டு ஜூல்’ (கம்பிக்குப் போவது) என்று இரண்டு உண்டு; வெளியீடு எவ்வளவு என்று கேளுங்கள். 60 சென்டுக்குச் சுற்றளவு ஏறக்குறைய 200 மீட்டர். ஐந்து வரிசை இழுத்தால் மொத்தம் ஒரு கிலோமீட்டர் கம்பி. வெளியீடு 1 முதல் 2 ஜூல் இருந்தால் தாராளம். மெஷினில் ஐ.எஸ். 302, பகுதி 2, பிரிவு 76 என்ற தர எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாத மெஷினை விலை குறைவு என்று எடுக்காதீர்கள்.

பேட்டரியில் ஒரு சின்னக் கணக்கு. மெஷின் 0.3 ஆம்பியர் இழுத்தால், 7 ஆம்பியர்-மணி பேட்டரி வெயிலே இல்லாவிட்டால் ஒரே நாளில் தீர்ந்துவிடும். மூன்று நாள் மூடாப்பு போட்டாலும் தாங்குவதாக வாங்குங்கள்.

மெஷினைவிட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது எர்த்தைப் பற்றி. கரண்டு, கம்பியைத் தொட்ட மிளாவின் உடல் வழியாக மண்ணுக்குள் இறங்கி, எர்த் கம்பி வழியாக மெஷினுக்குத் திரும்பினால்தான் ஷாக் அடிக்கும். மாசி, பங்குனியில் செம்மண் காய்ந்து கிடக்கும்போது ஒற்றை எர்த் கம்பி எதற்கும் உதவாது. குறைந்தது மூன்று கம்பி, ஒவ்வொன்றுக்கும் இடையே 3 மீட்டர், கிணற்றடி மாதிரி ஈரம் நிற்கும் இடமாகப் பார்த்து அடியுங்கள். வீட்டு எர்த்திலிருந்து 10 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். பொருத்த வந்தவரைப் பணம் வாங்கிக்கொண்டு போகவிடுவதற்கு முன் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். மெஷினை அணைத்துவிட்டு, 100 மீட்டர் தள்ளி இரும்புக் கம்பிகளை வேலியில் சாய்த்து மண்ணைத் தொட வைக்க வேண்டும். மறுபடி போட்டு, வேலியில் 2,000 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதும், கடைசி எர்த் கம்பியை மீட்டரால் அளக்க வேண்டும். அங்கே 300 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போதாது. இன்னும் கம்பி அடிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் மிளாவின் குணம். அதன் உடம்பு முடி ஷாக்கைத் தடுக்கும். தாண்டும்போது கால் தரையில் இல்லாததால் கம்பியில் பட்டாலும் ஷாக் இல்லை. ஈரமான மூக்கால் அது கம்பியைத் தொட வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அமெரிக்காவில் மான்களுக்கென்றே தீவனம் விதைக்கும் நிலங்களில், பயிர் தலையெடுக்கும்வரை மானை வெளியே நிறுத்த இதையே செய்கிறார்கள். அலுமினியத் தாளில் கடலை விழுதைத் தடவிக் கம்பியில் தொங்கவிடுவார்கள். இங்கே அது வேண்டாம், பன்றியைக் கூப்பிட்டதாகிவிடும். அவர்களின் இன்னொரு முறையைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஏறக்குறைய முழங்கால் உயரத்தில் ஒற்றை வரிசை வெளியே. 90 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி உயரமான முக்கிய வேலி. மானுக்கு ஆழம் கணிப்பது சிரமம். இரண்டையும் சேர்த்துத் தாண்டத் தயங்கும். இதற்கு நாலரை சென்ட் போகும். காடு பார்த்த பக்கம் மட்டும் செய்தாலும் போதும் என்பது என் எண்ணம். பன்றிக்குக் கடைசி வரிசை தரையிலிருந்து 20 சென்டிமீட்டரில் இருக்கட்டும். முள்கம்பியில் மட்டும் கரண்டு விடவே கூடாது.

கம்பி இழுத்த அன்று மாலையே மெஷினைப் போட்டுவிடுங்கள். வெறும் கம்பிக்குள் ஒரு தடவை புகுந்து பழகிய மிளாவை அப்புறம் திருத்துவது கஷ்டம்.

வாங்குவதற்கு முன் இரண்டு இடத்துக்குப் போக வேண்டும். தமிழக அரசு 2023-ல் கொண்டுவந்த விதிகளின்படி, காட்டை ஒட்டிய இடத்தில் புது மின்வேலிக்கு வனத்துறையின் முன் அனுமதி வேண்டும். பழைய வேலியென்றால் பதிவு செய்ய வேண்டும். வேளாண் பொறியியல் துறையில் மானியம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பில் போட்டபின் போய் நிற்காதீர்கள்.

கேள்வி: போன வருடம் வாங்கிய வேலி மெஷின் நாலே மாதத்தில் நின்றுவிட்டது. ‘விவசாயத்துக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோர் இல்லை’ என்கிறார் கடைக்காரர். அப்படியா?

பதில்: இல்லை. சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்குவது 2019 நுகர்வோர் சட்டத்தில் ‘வணிக நோக்கம்’ ஆகாது. விதை வாங்கிய விவசாயிகளும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-லேயே சொல்லிவிட்டது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார் பதியுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில், வாரண்டி அட்டை, கடைக்காரருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் இன்றே பிரதி எடுத்து வையுங்கள்.