மந்தமான சந்தையில் ஒரே மாதிரி வீடுகளுக்கு ஏன் வெவ்வேறு விலை சொல்கிறார்கள்?

சொல்லும் விலை என்பது விற்பவர் எதிர்பார்க்கும் தொகை. வீடு கைமாறும்போது முடிவாகும் விலை வேறு.

விற்பனை மும்முரமாக நடக்கும்போது, பக்கத்து வீடு போன மாதம் எவ்வளவுக்குப் போனது என்று தெரிந்துவிடும். அதை வைத்தே அடுத்தவரும் விலை சொல்வார். சந்தை மந்தமானால் அந்த அளவுகோல் இல்லாமல் போய்விடுகிறது. கடிகாரம் நின்றுபோன அறையில் பத்துப் பேரிடம் மணி கேட்டால் பத்து விடை வருமே, அப்படித்தான்.

அப்புறம், விற்பவரின் நிலைமை. வேலை மாறுதல், கடன் தவணை என்று அவசரத்தில் இருப்பவர் குறைத்துச் சொல்வார். அவசரமில்லாதவர் பழைய உச்ச விலையிலேயே நிற்பார். என்னைக் கேட்டால், இதைவிடப் பெரிய காரணம் நஷ்டத்தை ஏற்க மனம் வராததுதான். 1990களின் பாஸ்டன் அடுக்குமாடி வீட்டு விற்பனையை ஆராய்ந்து ஜெனசோவ், மேயர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2001இல் வெளியிட்ட கட்டுரையிலும் இது தெரிகிறது. வாங்கிய விலைக்குக் கீழே விற்க வேண்டிய நிலையில் இருந்தவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கேட்டார்கள். அவர்களுடைய வீடுகள் விற்க அதிக நாள் பிடித்தது. அப்படி விலைபோகாத வீடுகள் விளம்பரத்திலேயே தங்கிவிடுவதால், தேடுகிறவர் கண்ணில் உயர்ந்த விலைகளே அதிகம் படும்.

சரி, பலரும் தவறாக நினைப்பது ஒன்று உண்டு: விளம்பர விலைகளின் சராசரிதான் சந்தை விலை என்பது. சந்தை விலையைக் காட்டுவது உண்மையில் முடிந்த விற்பனைகள் மட்டுமே.