ராக்ஹாம்ப்டன் பக்கம் வரும் தம்பிக்கு

குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவம் முடித்து, ஆஸ்திரேலியாவில் ராக்ஹாம்ப்டன் பக்கம் கறிமாட்டுப் பண்ணை வேலைக்கு வரப்போகும் புதுச்சேரித் தம்பி கேட்டிருந்தார்: வாடகை எவ்வளவு, நம் ஊர் அரிசி கிடைக்குமா, உள்ளூர் மாட்டுக்காரர்களுக்கு நடத்தும் வகுப்புக்கு முதலாளி போகச் சொல்கிறார், பட்டம் வாங்கியவனுக்கு அது தேவையா என்று.

வாடகை வந்தால் தெரிந்துவிடும். அரிசி கிடைக்கும். கடைசிக் கேள்விக்குத்தான் பதில் சொல்லியாக வேண்டும், ஆள் தேறுவதும் திரும்பி ஓடுவதும் அதில்தான் இருக்கிறது.

கட்டாயம் போங்கள் தம்பி. முதலில் ஒன்று, நம் ஊர்ப் பட்டத்தை வைத்து இங்கே நேரடியாக வைத்தியம் பார்க்க முடியாது, தனியாகத் தேர்வு எழுதிப் பதிவு செய்ய வேண்டும். அதுவரை நீங்களும் ஒரு பண்ணை ஆள்தான். குரும்பாபேட் வேளாண் அறிவியல் நிலையத்தில் விவசாயிகளுக்குப் பயிற்சி நடக்குமே, அந்த வழிதான் இதுவும். மீட் அண்ட் லைவ்ஸ்டாக் ஆஸ்திரேலியா என்னும் கால்நடைத் தொழில் அமைப்பின் எட்ஜ் வகுப்புகள் தீவனம், இனப்பெருக்கம், மேய்ச்சல் நிலம் என்று தனித்தனியாக உண்டு. அது போக, அக்கம்பக்கத்து மாட்டுக்காரர்கள் யாராவது ஒருவர் பண்ணையில் கூடி எடைக் கணக்கையும் சினைக் கணக்கையும் ஒளிக்காமல் பேசுவார்கள். அதை விட்டுவிடாதீர்கள்.

ஆஸ்திரேலியாவின் வடக்கே பல இடங்களில் மண்ணில் பாஸ்பரஸ் குறைவு. மழைக்காலத்தில் புல் பச்சையாக இருக்கிறதே, பாஸ்பரஸ் கலந்த தாது உப்பு எதற்கு என்று தோன்றும். ஆனால் கொடுக்க வேண்டியது அப்போதுதான், வளர்ச்சியும் பாலும் அந்த மாதங்களில்தான். காய்ந்த மாதங்களில் குறைவது புரதம், அதற்குத்தான் யூரியா கலந்த உப்பு. பாஸ்பரஸ் போதாத மாடு செத்த மாட்டின் எலும்பைத் தேடி மெல்லும், அதில் பாட்டுலிசம் என்னும் நச்சு நோய் வந்து கால் செயலிழந்து விழும். கடைவாயில் எலும்போடு நின்ற சினைமாட்டை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம், யூரியாத் தொட்டியின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். மழைநீர் தேங்கினால் யூரியா கரைந்துவிடும், அதைக் குடித்த மாட்டைக் காப்பாற்ற நேரமே இருக்காது. புத்தகத்திலும் இது இருக்கும், ஆனால் தன் மாடு செத்து விழுந்த இடத்தைக் காட்டி ஒரு மாட்டுக்காரர் சொல்லும்போது மனதில் பதிகிற மாதிரி பதியாது.

நான் பண்ருட்டிக்காரன். வந்த புதிதில் வேலை கொடுத்தவர் தகர அறை ஒன்றில் விட்டுவிட்டுப் போய்விட்டார். போன் கிடைக்காது, பேச ஆளில்லை. மாடுகளைப் பார்த்தால்தான் கொஞ்சம் ஆறுதல். எல்லாம் பிராமன் இனம், ஓங்கோல், கிர் போன்ற நம் நாட்டு மாடுகளின் வழியில் அமெரிக்காவில் உருவாகி 1933இல் குயின்ஸ்லாந்துக்கு வந்தவை. திமிலும் அலைதாடியும் அப்படியே நம் வீட்டு மாடு. ஆனால் அவை மனிதரைப் பார்ப்பதே அபூர்வம், நம் ஊர் மாதிரி கிட்டே போய்த் தட்டிக்கொடுக்க முடியாது. தோளுக்குப் பின்னால் நின்றால் முன்னே நகரும், முன்னால் நின்றால் பின்வாங்கும் என்று பட்டியில் நிறுத்திக் காட்டித் தந்தது பக்கத்துப் பண்ணை அம்மா. அவரைச் சந்தித்ததும் இப்படி ஒரு கூட்டத்தில்தான்.

நம்மவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிரிஸ்பேன் விருந்துகளில் என் வேலையைக் கேட்டதும் பலருக்கு முகம் சுண்டிவிடும், மாடு மேய்க்கவா இவ்வளவு தூரம் வந்தாய் என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு. மேய்க்கத்தான் வந்தேன், அதில் எனக்குப் பெருமைதான். வருடக்கணக்காக இருந்தும் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் தமிழர் வீடுகளையே சுற்றி வருகிறவர்களின் பேச்சைக் கேட்டு நீங்கள் ஒதுங்கிவிடாதீர்கள்.

கூட்டம் முடிந்ததும் கறி சுடுவார்கள். சாப்பிடாதவர் என்றால் நேராகச் சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் உடனே கிளம்பிவிடாதீர்கள், பாதிப் பேச்சு அப்போதுதான் நடக்கும். சரி, உங்கள் பண்ணை எந்தப் பக்கம் என்று எழுதுங்கள், அங்கே எந்தக் குழு கூடுகிறது என்று விசாரித்துச் சொல்கிறேன்.