அமெரிக்கச் சேனல்களில் கதைத் தொடர்களுக்கு மீண்டும் மவுசு வந்தது எப்படி?

ரியாலிட்டி நிகழ்ச்சிகள் கோலோச்சிய அமெரிக்கத் தொலைக்காட்சியில், இலையுதிர்காலம், குளிர்காலம், கோடை என்று எல்லாப் பருவ அட்டவணையிலும் கதைத் தொடர்கள் மறுபடி தலைதூக்குகின்றனவே, என்ன காரணம், இது நிலைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தத் தொடர்களை ஆண்டுக்கணக்கில் விடாமல் பார்த்து வருபவன் நான். ஆண்டுதோறும் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கும் கதைக்கு என்ன மதிப்பு என்பது, அது வராமல் போன ஓர் ஆண்டில்தான் சேனல்களுக்கு உறைத்தது என்பது என் எண்ணம்.

அந்த ஆண்டு 2023. மே 2 அன்று எழுத்தாளர்களும் ஜூலை 14 அன்று நடிகர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். செப்டம்பரில் புதுத் தொடர்களோடு சீசனைத் தொடங்குவதுதான் அங்கே வழக்கம். அந்தச் செப்டம்பரில் ஏபிசி சேனல் பெரும்பாலும் போட்டி நிகழ்ச்சிகளையும் ரியாலிட்டியையும் வைத்தே இரவுகளை ஒப்பேற்றியது. சிபிஎஸ், கேபிளில் முன்பே ஓடிமுடிந்த 'யெல்லோஸ்டோன்' பழைய எபிசோட்களை எடுத்துப் போட்டது. நவம்பரில் நடிகர்களுக்கும் உடன்பாடு எட்டிய பிறகு, 2024 பிப்ரவரியில்தான் கதைத் தொடர்கள் வரிசையாகத் திரும்பின.

முந்தைய வேலைநிறுத்தங்களின் பலன் ரியாலிட்டிக்கே போனது. 1988இல் எழுத்தாளர்கள் ஐந்து மாதம் பேனாவைக் கீழே வைத்தார்கள். அடுத்த ஆண்டே, போலீஸாரின் பின்னாலேயே கேமராவோடு போகும், எழுத்தாளரும் நடிகரும் தேவைப்படாத 'காப்ஸ்' ஃபாக்ஸ் சேனலில் வந்தது. மறுஒளிபரப்புக் காலம் என்று ஒதுக்கப்பட்டிருந்த கோடையை 2000இல் 'சர்வைவர்' என்ற தீவுப் போட்டி நிகழ்ச்சி வளைத்துப்போட்டது. அதன் இறுதிச் சுற்றை 5 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். செலவு குறைவு, ஆதாயம் அதிகம் என்றான பிறகு கோடையில் கதைக்கு ஏது இடம்?

2023இல் கதை வேறு மாதிரி போனது. புதுத் தொடர்கள் குறைந்த அந்தக் கோடையில் மக்கள் நெட்ஃபிளிக்ஸில் 'சூட்ஸ்' என்ற பழைய வழக்கறிஞர் தொடரைப் பிடித்துக்கொண்டார்கள். பார்வையாளர்களைக் கணக்கெடுக்கும் நீல்சன் நிறுவனத்தின் கணக்குப்படி அந்த ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் அது 5,770 கோடி நிமிடங்கள் பார்க்கப்பட்டது. ஓடிடியில் எந்தத் தொடரும் ஓராண்டில் அதுவரை தொடாத எண்ணிக்கை அது. 'சூட்ஸ்' யுஎஸ்ஏ நெட்வொர்க் என்ற கேபிள் சேனலில் 2011 கோடையில் தொடங்கி, ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் வந்து, 2019 வரை ஓடியது. மொத்தம் 134 எபிசோட்கள். ஓடிடி பாணியில் இரண்டாண்டுக்கு ஒருமுறை எட்டு எபிசோட் எடுத்திருந்தால் இந்தச் சேமிப்பு எங்கிருந்து வந்திருக்கும்? அட்டவணைக்காக எழுதிய கதைதான் பிறகு ஓடிடிக்கும் சோறு போடுகிறது. இந்தக் கணக்கு புரிந்ததால்தான் சேனல்கள் மறுபடியும் கதைக்குப் பணம் போடுகின்றன என்று நினைக்கிறேன். அதே யுஎஸ்ஏ நெட்வொர்க் 2025 ஆகஸ்ட்டில் 'தி ரெயின்மேக்கர்' என்ற புதிய வழக்கறிஞர் தொடரோடு கோடைக்குத் திரும்பியிருக்கிறது.

பணத்தை விடுங்கள். எனக்கு இதில் அக்கறை வரக் காரணம் வேறு. ஏபிசியின் 'அபோட் எலிமென்டரி' பிலடெல்பியாவிலுள்ள ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியின் ஆசிரியர்களைப் பற்றிய நகைச்சுவைத் தொடர். ஓர் ஆவணப்படக் குழு அவர்களைப் படம்பிடிப்பதுபோல் எடுக்கப்படுவது. இரண்டாம் சீசனில் 22 எபிசோட்கள். 2022 செப்டம்பரில், பள்ளி திறப்புக்கான ஆயத்த நாட்களோடு கதை தொடங்கியது. ஹாலோவீன், கிறிஸ்துமஸ் விடுமுறை, காதலர் தினம் என்று நாட்காட்டியோடு கூடவே நடந்து ஏப்ரலில் முடிந்தது. பார்ப்பவருக்கும் பாத்திரங்களுக்கும் ஒரே ஆண்டு கழிகிறது. துப்புரவாளர் மிஸ்டர் ஜான்சன் முதலில் வந்துபோகும் ஆள்தான். எபிசோட்கள் நிறைய இருப்பதால் அவருக்கும் ஒரு முழு வாழ்க்கை கிடைத்துவிட்டது. எட்டு எபிசோட் தொடரில் அவரைப் போன்றவர்களைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

வேலைநிறுத்தத்தால் மூன்றாம் சீசன் 2024 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. பள்ளி எப்போதோ திறந்திருக்குமே, இடைப்பட்ட மாதங்கள் எங்கே? ஆவணப்படக் குழுவின் கருவிகள் திருடுபோய்விட்டன என்று கதைக்குள்ளேயே காரணம் வைத்தார்கள். நாட்காட்டியை அவ்வளவு மதிக்கும் எழுத்து அது. அதைப் பார்த்தபோது உண்மையிலேயே நெகிழ்ந்துபோனேன்.

ஓடிடியிலும் இந்தக் காற்று வீசுகிறது. 'தி பிட்' என்ற மருத்துவமனைத் தொடர் 2025 ஜனவரியில் மேக்ஸ் தளத்தில் வந்தது. 15 எபிசோட்கள், ஒவ்வொன்றும் அவசர சிகிச்சைப் பிரிவின் ஒரே ஷிப்ட்டில் ஒரு மணி நேரம். பெரும்பகுதி ஒரே அரங்கத்தில் நடப்பதால் செலவு கட்டுக்குள் நிற்கிறது. அடுத்த ஜனவரியிலேயே இரண்டாம் சீசனும் வந்துவிட்டது. இதற்கிடையில் சிறந்த டிராமா தொடருக்கான எம்மி விருதையும் பெற்றது. ஆப்பிளின் ஓடிடி தளத்தில் வரும் 'செவரன்ஸ்' தொடரோ, 2022 ஏப்ரலில் ஒரு மர்மத்தின் உச்சத்தில் நிறுத்திவிட்டு 2025 ஜனவரியில்தான் அடுத்த எபிசோட்டைக் கொடுத்தது. நல்ல தொடர்தான், ஆனால் யார் யார் என்பதே பாதி மறந்துவிட்டிருந்தது.

நிலைக்குமா என்ற கேள்விக்கு ஓர் எச்சரிக்கையோடுதான் பதில் சொல்ல முடியும். மொத்த எண்ணிக்கை ஏறவில்லை. எஃப்எக்ஸ் சேனல் எடுத்த கணக்கில் 2022இல் 599 ஆக இருந்த கதைத் தொடர்கள் 2023இல் 516 ஆகக் குறைந்தன. திரும்பியிருப்பது ஒழுங்கு, கூடவே எழுத்தாளர்களுக்குக் கொஞ்சம் பாதுகாப்பு. வேலைநிறுத்தத்தை முடித்துவைத்த எழுத்தாளர்களின் 2023 ஒப்பந்தப்படி 13 அல்லது அதற்கு மேற்பட்ட எபிசோட்கள் கொண்ட சீசனுக்குக் குறைந்தது ஆறு எழுத்தாளர்களை வைத்தாக வேண்டும். இளையவர்கள் படப்பிடிப்புக்குப் போய்த் தொழில் கற்பதற்கும் அதில் வழி செய்திருக்கிறார்கள். நாளை 22 எபிசோட்களைத் தாங்கப்போகிறவர்கள் அவர்கள்தான்.

ஒவ்வொரு மே மாதமும் நியூயார்க்கில் விளம்பரதாரர்கள் முன்னிலையில் சேனல்கள் அடுத்த சீசனை அறிவிக்கும். அப்போது புதுத் தொடர்கள் எத்தனை என்று மட்டும் எண்ணாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை எபிசோட் கேட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பதினெட்டுக்கு மேல் கேட்டிருந்தால் நம்பி உட்காரலாம்.