பம்பு இழுக்காவிட்டால்: விசைப்படகு இன்ஜின் கேள்வி-பதில்

போன ஆண்டுதான் புது இம்பெல்லர் (இன்ஜினைக் குளிர்விக்கும் கடல்தண்ணீர்ப் பம்புக்குள் சுற்றும் ரப்பர்ச் சக்கரம்) போட்டோம். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து இன்ஜினை ஓட்டினால் தண்ணீர் வரவில்லை. சரக்கு மட்டமா?
– படகு உரிமையாளர், நாகப்பட்டினம்

கடைக்காரரைத் திட்டாதீர்கள். உங்கள் இம்பெல்லர் ஓடிக் கெடவில்லை, நின்று கெட்டிருக்கிறது. பம்புக் கூட்டின் உட்சுவரில் ஒரு பக்கம் மட்டும் பித்தளை மேடு ஒன்று இருக்கும், விரலால் தடவினால் தெரியும். ரப்பர் இறக்கை அந்த மேட்டில் மடங்கி, தாண்டியதும் நிமிர்கிறது. நிமிரும்போது உண்டாகும் இடத்தில்தான் கடல்தண்ணீர் ஏறுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கட்டிக் கிடந்தால், மேட்டில் மாட்டிய இரண்டு மூன்று இறக்கைகள் கூன் விழுந்துவிடும். கூன் விழுந்தது இழுக்காது. பம்புக்குள் எண்ணெயாக வேலை செய்வதும் தண்ணீர்தான் என்பதால், வறண்டு சுற்றிய ரப்பர் சற்று நேரத்திலேயே கருகிவிடும்.

அடுத்த தடைக்காலத்தில் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, வெயில் படாமல் வையுங்கள். இன்ஜின் சாவியையும் அதே பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். இம்பெல்லர் இல்லாமல் யாரும் ஓட்டிப் பார்க்க மாட்டார்கள்.

கழற்றியபோது ஆறு இறக்கைகளில் மூன்று இல்லை. புதிது போட்டும் சூடு ஏறுகிறது.
– ஓட்டுநர், தூத்துக்குடி

அந்த மூன்றும் எங்கே? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் மூடியைப் பூட்டியதுதான் தவறு. ரப்பர்த் துண்டு தண்ணீரோடு போய், முதலில் வரும் இடுக்கில் உட்காரும். பம்பிலிருந்து ஹோஸைப் பிடித்துக்கொண்டே போங்கள்: முழங்கை வளைவு, கியர் ஆயில் கூலர் இருந்தால் அது, பிறகு ஹீட் எக்ஸ்சேஞ்சரின் (கடல்தண்ணீரால் இன்ஜின் சூட்டைத் தணிக்கும் குழாய்க்கூடு) முனை மூடி. மூடியைக் கழற்றினால், தேன்கூடு போன்ற குழாய் வாய்களின் மேல் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். கம்பியால் உள்ளே குத்தாதீர்கள், இறுகிவிடும். எதிர்ப்பக்கத்திலிருந்து தண்ணீர் அடித்து வந்த வழியே வெளியே தள்ளுங்கள்.

எடுத்ததையெல்லாம் ஒரு பலகையில் பழைய இம்பெல்லருக்குப் பக்கத்தில் அடுக்கிப் பாருங்கள். மூன்று இறக்கையும் முழுதாகச் சேர வேண்டும். நகக்கண் அளவு குறைந்தாலும் தேடல் முடியவில்லை. இன்ஜின் நின்றதும் துண்டு பின்னோக்கி உறிஞ்சு குழாய்க்குள் விழுவதும் உண்டு. கூலரில் கிடைக்காதது அங்கே கிடைக்கலாம். முந்தைய ஓட்டுநர் விட்டுப்போன துண்டுகளும் சேர்ந்து வந்தால் வியப்படையாதீர்கள்; எனக்கு ஒருமுறை ஆறு இறக்கைக்கு எட்டுத் துண்டு கிடைத்தது.

கிரீஸ் தடவிப் போடலாமா?

கூடாது. பெட்ரோலியக் கிரீஸ் பட்டால் நியோப்ரீன் ரப்பர் ஊதும். மருந்துக் கடைக் கிளிசரின் போதும். இல்லையென்றால் சோப்புத் தண்ணீர். தண்டு சுற்றும் பக்கமாகவே இம்பெல்லரைத் திருகி உள்ளே தள்ளுங்கள்; இறக்கை நுனிகள் அதற்கு எதிர்ப்பக்கமாக மடங்க வேண்டும்.

பம்பின் அடியில் ஒரு துளையில் தண்ணீர் சொட்டுகிறது. எம்சீல் வைத்து அடைத்துவிடலாமா?
– ராமேஸ்வரம் வாசகர்

தம்பி, அது ஓட்டை இல்லை, உங்களை எச்சரிக்க வைத்த வாய். இரண்டு சீல்களுக்கு நடுவே வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். உப்புத்தண்ணீர் சொட்டினால் தண்ணீர்ப் பக்கச் சீல் போயிற்று, ஆயில் சொட்டினால் இன்ஜின் பக்கச் சீல். அடைத்தால் கடல்தண்ணீர் ஆயிலில் கலந்து, அளவுக்கம்பியை உருவும்போது பால் விட்ட தேநீர் நிறத்தில் வரும். சீலை மாற்றுங்கள்.

கடலில் வைத்தே மாற்ற முடியுமா?

முடியும், உதிரி இம்பெல்லரும் மூடிக்கான பேக்கிங்கும் (மூடிக்கு அடியில் கசிவைத் தடுக்க வைக்கும் மெல்லிய தாள்) படகில் இருந்தால். வீட்டு அட்டையை வெட்டி வைக்காதீர்கள். தடித்த பேக்கிங் வைத்தால் மூடிக்கும் இறக்கைக்கும் நடுவே சந்து விழுந்து இழுவை போய்விடும். இரண்டு ஸ்குரூ டிரைவரை எதிரெதிரே வைத்து நெம்பினால் பித்தளை வாய் சிராய்க்கும். புல்லர் (இம்பெல்லரை இழுத்தெடுக்கும் கருவி) இல்லையென்றால், இடுக்கியால் நடுக்குமிழைப் பிடித்து ஆட்டி ஆட்டி இழுங்கள். அடியில் ஒரு துணியை விரியுங்கள். மூடித் திருகு பில்ஜில் (படகின் அடிக்குழியில்) விழுந்தால் அன்றைய பாடு போச்சு.

எல்லாவற்றுக்கும் முன்னால் கடல்தண்ணீர் வால்வை மூடுங்கள்; பம்பு நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் திறந்த வாய் வழியே படகு நிறையும். மூடியதும் இன்ஜின் சாவியை அந்த வால்வின் கைப்பிடியிலேயே மாட்டுங்கள். திறக்காமல் சாவியை எடுத்து வந்து புது இம்பெல்லரை அரை நிமிடத்தில் கருக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன் என்பதால், சாவியைக் கயிற்றால் கட்டிவிடுவது இன்னும் நல்லது.